மாவு ஆலை நிலத்தில் ஒரு வடிசாலை: டட்ஹில்டவுன் உரிமம் பெற்ற வரலாறு – ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காரில் சென்றால் அல்ஸ்டர் மாவட்டத்தில் கார்டினர் என்ற சிற்றூர் வரும். அருகிலுள்ள ஷாவன்கங்க் மலைத்தொடரின் செங்குத்துப் பாறைகளில் ஏறுவதற்காகவே நாடெங்கிலுமிருந்து ஆட்கள் அங்கே வருவார்கள். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் 1788-இல் கட்டப்பட்ட மாவு ஆலை ஒன்று நிற்கிறது. தண்ணீர் விசையில் கல் சுழன்று தானியம் அரைத்த அந்த ஆலைக்கு டட்ஹில்டவுன் ஆலை என்று பெயர். நியூயார்க் நகரில் செயற்கைப் பாறைச்சுவர் ஏறும் கூடம் நடத்திவந்த ரால்ஃப் எரென்சோ, 2001-இல் இந்த ஆலையும் அதைச் சுற்றிய 36 ஏக்கர் நிலமும் அடங்கிய சொத்தை வாங்கினார். மது வடிக்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. பாறையேற வருபவர்கள் தங்குவதற்கு எளிய விடுதி கட்ட வேண்டும் என்பதே அவருடைய திட்டம்.

அக்கம்பக்கத்தார் அந்த விடுதியை எதிர்த்தார்கள். எதிர்ப்பு வழக்காக மாறியது, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது, கையிலிருந்த பணம் கரைந்தது. சொத்தில் ஒரு பகுதியை விற்கும் நிலைக்கு எரென்சோ வந்தார். அந்த நிலத்தில் சட்டப்படி வேறு என்னதான் செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது, மாநிலச் சட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் சேர்க்கப்பட்டு யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்த சிறு வடிசாலை உரிமம் அவர் கண்ணில் பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரையன் லீ என்ற தொழில்நுட்பர் மாவு அரைக்கும் ஆசையோடு ஆலையைப் பார்க்க வந்தார். 2003-இல் இருவரும் கூட்டுச் சேர்ந்து, பழைய தானியக் கிடங்கை வடிசாலையாக மாற்றும் வேலையில் இறங்கினார்கள். இருவருக்கும் வடிக்கத் தெரியாது. புத்தகம் படித்தும் கேட்டும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்கச் சிறு வடிசாலைகளின் வரலாற்றில் இந்த நிகழ்வு பல காரணங்களுக்காகப் பேசப்படுகிறது. மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு நியூயார்க் மாநிலத்தில் சட்டப்படி விஸ்கி வடித்த முதல் இடம் இது என்பது அவற்றுள் ஒன்று. என் அக்கறை வேறு ஒரு கேள்வியில் இருக்கிறது. ஒரு சிறு வடிசாலை தொடங்கவும், தொடங்கிய பிறகு பிழைத்திருக்கவும், உண்மையில் எந்த அனுமதி தேவைப்படுகிறது? வடிக்கும் உரிமம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். டட்ஹில்டவுனின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், வடித்ததைத் தன் வாசலிலேயே விற்கும் உரிமைதான் ஆலையைக் காப்பாற்றுகிறது என்ற முடிவுக்கு நான் வருகிறேன்.

கட்டணம் என்னும் மதில்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு இருந்தது. அரசமைப்பின் 21-ஆவது திருத்தம் அதை நீக்கியபோது, மது விற்பனையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கைக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் மூன்றடுக்கு முறையைக் கொண்டுவந்தன. உற்பத்தியாளர் மொத்த விற்பனையாளருக்கும், மொத்த விற்பனையாளர் சில்லறைக் கடைக்கும், கடை குடிப்பவருக்கும் விற்க வேண்டும். ஓர் அடுக்கில் இருப்பவர் இன்னொன்றில் கைவைக்கக் கூடாது. மதுவிலக்குக்கு முன்பு பெரிய ஆலைகளே மதுக்கடைகளைத் தம் பிடிக்குள் வைத்திருந்ததால் விளைந்த சீர்கேடுகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. நோக்கத்தைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்குச் சில ஆயிரம் புட்டிகள் மட்டுமே வடிப்பவருக்கு இந்த முறையில் இடமே ஒதுக்கப்படவில்லை.

நியூயார்க்கில் இதற்குமேல் உரிமக் கட்டணம் என்ற மதிலும் இருந்தது. வடிசாலை என்றாலே பேராலை என்று எண்ணி எழுதப்பட்ட சட்டத்தில், உரிமத்துக்கு மட்டும் பல பத்தாயிரம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. மது வடிக்கும் கொதிகலனும் பீப்பாயும் வாங்குவதற்கு முன்பே அவ்வளவு தொகையைப் பண்ணையாளர் எவரும் எடுத்துவைக்க முடியாது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட திருத்தம் இதை மாற்றியது. ஆண்டுக்கு 35,000 கேலனுக்கு, அதாவது ஏறத்தாழ 1,32,000 லிட்டருக்கு மேற்படாமல் வடிப்பவர்களுக்குத் தனி வகை உரிமம் உருவாக்கப்பட்டு, கட்டணம் 1,450 டாலராகக் குறைக்கப்பட்டது. எரென்சோவின் கண்ணில் பட்டது இந்த உரிமம்தான். சட்டத்தின் அட்டவணையில் ஓர் எண் மாறியதால் ஒரு தொழில் பிறக்க வழி பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

நிலப்பயன்பாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விடுதிக்குக் கிளம்பிய எதிர்ப்பு வடிசாலைக்கும் கிளம்பியிருக்க முடியும். நியூயார்க் மாநிலத்தின் வேளாண் சட்டமோ, வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பண்ணைத் தொழிலை உள்ளாட்சி விதிகள் நியாயமின்றிக் கட்டுப்படுத்துவதைத் தடுக்கிறது. சுற்றுவட்டாரத் தானியத்தையும் பழத்தையும் கொண்டு செய்யும் தொழில் என்பது விடுதியைவிட அந்த மண்ணுக்கு நெருக்கமானது. வடிசாலை தொடங்க நினைப்பவர்கள் முதலில் கொதிகலன் விலைப்பட்டியலைத் தேடுகிறார்கள். நிலத்தின் வகைப்பாட்டைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொதிகலன் முதலில், அனுமதி பிறகு

மாநில உரிமம் கிடைத்தால் மட்டும் போதாது. வாஷிங்டனில் உள்ள நடுவண் கருவூலத் துறையின் கீழ் இயங்கும் மது மற்றும் புகையிலை வரி வாணிப அலுவலகம் வடிசாலைக்குத் தனி அனுமதி தர வேண்டும். அதற்கு விண்ணப்பக் கட்டணம் எதுவும் கிடையாது. கேட்பவருக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றும். உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

விண்ணப்பத்தில் வளாகத்தின் வரைபடம், கட்டடத்தின் விவரம், பூட்டும் காவலும் அமைந்த முறை, கொதிகலனின் கொள்ளளவு, தொட்டிகளின் பட்டியல், பங்குதாரர் ஒவ்வொருவரின் பின்னணி, முதலீட்டுப் பணம் வந்த வழி ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். இல்லாத கட்டடத்தையும் வாங்காத கருவியையும் இப்படி விவரிக்க முடியாது. ஆகவே கட்டடத்தை வாடகைக்கு எடுத்தோ கட்டியோ, கொதிகலனை வரவழைத்து நிறுத்தியோ வைத்துவிட்டுத்தான் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு பல மாதங்களுக்கு நீளும். அவ்வளவு காலமும் வாடகை, வட்டி, காப்பீடு எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, ஒரு சொட்டுக்கூட வடிக்கக் கூடாது. தொழில் தொடங்கும் முன்பே தொழில் மூடப்படும் ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. டட்ஹில்டவுனில் கட்டடம் எழுப்பவும் அனுமதிகள் பெறவும் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஆயின. நிலம் சொந்தமாக இருந்தது அவர்களுக்கு வாய்த்த பெரிய நன்மை. வாடகைக் கட்டடத்தில் அதே காலத்தைக் கழித்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டியிருந்திருக்காது.

வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் சிறிதாகத் தொடங்கிப் பிறகு விரிவாக்கலாம் என்ற வழியும் அடைபட்டே இருக்கிறது. குடியிருக்கும் வீட்டிலோ, அந்த வீட்டைச் சேர்ந்த கொட்டகை, முற்றம், சுற்றுவேலிக்குள்ளோ வடிசாலை அமையக் கூடாது என்று நடுவண் வரிச்சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. பயிற்சிக்குக்கூட வழியில்லை. 1978-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வீட்டில் சொந்தக் குடிப்புக்காக பீர் காய்ச்சலாம். திராட்சை மதுவும் செய்யலாம். ஆனால் வடிப்பது, தனக்காக ஒரே ஒரு புட்டி வடிப்பதும், குற்றம். சிறு பீர் ஆலைகளைத் தொடங்கியவர்களில் பலர் வீட்டுச் சமையலறையில் பத்தாண்டு பழகிவிட்டு வந்தவர்கள். வடிசாலை தொடங்குபவர் சட்டத்தை மதிப்பவராக இருந்தால், தன் முதல் வடிப்பை அனுமதி வந்த பிறகு, கடன் ஏறி நிற்கும் கொதிகலனில்தான் செய்து பார்க்க முடியும். எரென்சோவும் லீயும் கற்றுக்குட்டிகளாகத் தொடங்கியதை அவர்களுடைய துணிச்சல் என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. சட்டம் விட்டுவைத்த ஒரே வழி அதுதான்.

இவற்றோடு பிணைப் பத்திரமும் சேரும். கட்ட வேண்டிய வரியை ஆலை கட்டாமல் போனால் அரசுக்கு ஈடுசெய்வதற்காக, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதத்தை முன்கூட்டியே தர வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் கலால் வரி வராத சிறு ஆலைகளுக்கு இந்தச் சுமை 2017 சனவரியில்தான் நீங்கியது. 2003-இல் தொடங்கியவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஆப்பிள் மிச்சத்திலிருந்து

விஸ்கிக்குப் பீப்பாயில் காலம் கழிய வேண்டும். புதிய ஆலைக்கோ உடனே காசு வேண்டும். அதனால் உலகெங்கும் சிறு வடிசாலைகள் முதலில் வோட்காவோ ஜின்னோ வடிக்கின்றன. டட்ஹில்டவுன் வோட்காவில் தொடங்கியது. ஹட்சன் பள்ளத்தாக்கு ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போனது. ஆப்பிளைத் துண்டுபோட்டு விற்கும் ஓர் ஆலையில் தோலும் நடுப்பகுதியும் துண்டு மிச்சங்களும் குவிவதைக் கண்டு, அவற்றைப் புளிக்கவைத்து வடித்தார்கள். மூலப்பொருள் செலவு மிகக் குறைவு; சொல்வதற்கு உள்ளூர்க் கதையும் கூடவே கிடைத்தது.

செலவு குறைவு என்றாலும் வேலை எளிதில்லை. அமெரிக்க விதிப்படி வோட்கா என்று பெயரிட வேண்டுமானால் வடிப்பு 95 விழுக்காடு ஆல்ககாலையாவது எட்ட வேண்டும். வெறும் செம்புப் பானையில் ஒருமுறை இருமுறை வடித்து அந்த எல்லையைத் தொட முடியாது; தட்டுகள் அடுக்கிய நெடுங்கோபுரம் வேண்டும். ஆவி ஒவ்வொரு தட்டிலும் ஓரளவு குளிர்ந்து திரவமாகி மீண்டும் ஆவியாவதால், ஒரே ஓட்டத்தில் பலமுறை வடித்த பயன் கிடைக்கிறது. என்ன சரக்கு வடிக்கப்போகிறோம் என்பதைக் கருவி வாங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

வேதிப் பொறியியல் படித்து, பேராலைகளின் வடிகோபுரங்களைக் கட்டுப்பாட்டறைத் திரையில் மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு சிறு வடிசாலையில் அரை நாள் நின்று பார்த்தபோது கிடைத்த பாடம் பெரியது. ஊறல் கொதிக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் குளிர்விப்பானின் முனையில் முதல் துளி விழும். அது நேராகப் பாத்திரத்துக்குப் போவதில்லை. அடர்த்திமானி மிதக்கும் செம்புக் குவளை ஒன்றில் நிரம்பி வழிந்து போகிறது. அந்த முதல் வடிப்பில் நகப்பூச்சு அழிப்பானின் நெடி மூக்கைத் துளைக்கிறது. எதைல் அசிடேட்டும் அசிட்டால்டிஹைடும் முந்திக்கொண்டு வருவதே காரணம். வடிப்பவர் இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்து உள்ளங்கையில் தேய்த்து முகர்கிறார்; உதட்டில் தொட்டுத் துப்புகிறார். நெடி அடங்கி, தானியத்தின் இனிப்பு வாசம் மேலெழும் நொடியில் குழாயை வேறு பாத்திரத்துக்குத் திருப்புகிறார். பல மணி நேரம் கழித்து ஈர அட்டையும் நனைந்த நாயும் போன்ற வாடை எட்டிப்பார்க்கும்போது மறுபடியும் திருப்புகிறார். தலை, இதயம், வால் என்று இத்தொழிலில் சொல்லும் மூன்று பகுதிகள் இவை. மானியும் வெப்பமானியும் உதவுகின்றன என்றாலும், எங்கே வெட்டுவது என்பதை முடிவுசெய்வது மூக்கு. அதிகமாகத் தள்ளினால் இலாபம் போகும். குறைவாகத் தள்ளினால் பெயர் போகும்.

சாராயம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு மெத்தனால் நினைவு வருவது இயல்பு. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தானிய ஊறலில் மெத்தனால் மிக மிகக் குறைவாகவே உண்டாகிறது. பழத்தோலில் உள்ள பெக்டின் சிதையும்போது சற்று அதிகம் உண்டாகும் என்பதால் ஆப்பிள் வடிப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்கிறார்கள். அதுவும் கொத்துக்கொத்தாக உயிர்களை எடுக்கும் அளவு கிடையாது. அத்தகைய சாவுகளுக்குப் பின்னால் இருப்பது தொழிற்சாலைப் பயன்பாட்டு மெத்தனாலைக் கலந்து விற்கும் குற்றம். இந்த வேறுபாடு தெளிவாகப் புரிந்தால்தான் சிறு கொதிகலன் என்றாலே அஞ்சும் சட்டங்களை நிதானமாக எடைபோட முடியும்.

சிறு பீப்பாயின் கணக்கு

2006-இல் டட்ஹில்டவுன் ஹட்சன் பேபி பர்பன் என்ற விஸ்கியை வெளியிட்டது. முழுக்க மக்காச்சோளத்தில் செய்தது. 375 மில்லிலிட்டர் கொள்ளும் குட்டையான கண்ணாடிப் புட்டியில், மூடியை மெழுகில் முக்கியெடுத்து, கையால் எண்ணிட்டு விற்றார்கள். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வகையைக் கென்டக்கி மாநிலத்தில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவுக்குள் எங்கும் செய்யலாம். தானியக் கலவையில் 51 விழுக்காடாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், 80 விழுக்காட்டு ஆல்ககாலுக்கு மேல் வடிக்கக் கூடாது, 62.5 விழுக்காட்டுக்கு மேற்படாமல் நீர்த்து, உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில் ஊற்ற வேண்டும். 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் புட்டியில் அடைக்க வேண்டும். இத்தனை நாள் பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்சக் காலம் வெறும் 'பர்பன்' என்ற பெயருக்கு விதிக்கப்படவில்லை. 'ஸ்டிரெயிட்' என்ற அடைமொழி வேண்டுமானால்தான் இரண்டு ஆண்டுகள் தேவை.

கலனின் அளவையும் விதி குறிப்பிடவில்லை. வழக்கமான பீப்பாய் 53 கேலன், அதாவது 200 லிட்டர் கொள்ளும். டட்ஹில்டவுன் இரண்டு, மூன்று கேலன் சிறு பீப்பாய்களைப் பயன்படுத்தியது. ஒரே வடிவக் கலன்களில் கொள்ளளவு குறையக் குறைய, உள்ளிருக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு கூடும். மூன்று கேலன் பீப்பாயில் அது பெரிய பீப்பாயைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதனால் நிறமும் வனில்லா வாசமும் துவர்ப்பும் சில மாதங்களிலேயே ஏறிவிடுகின்றன. நான்கு ஆண்டு காத்திருந்து விற்க வேண்டிய சரக்கை ஓராண்டுக்குள் விற்க முடிந்தது. இரவில் கிடங்கில் ஒலிபெருக்கிகளை வைத்துக் கனத்த தாளமுள்ள இசையை ஓடவிட்டு, அதிர்வால் பீப்பாய்களைக் குலுக்கும் முயற்சியையும் அவர்கள் செய்தார்கள். அதன் பயனை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். செய்தித்தாள்களில் இடம் பிடித்துத் தந்தது என்பதில் ஐயமில்லை.

சிறு பீப்பாயைக் குறுக்குவழி என்று பழிப்பவர்கள் உண்டு. மரத்திலிருந்து சாறு இறங்குவதை விரைவுபடுத்தலாம். காற்றோடு கலந்து மெல்ல மெல்ல நடக்கும் மாற்றங்களை அதே வேகத்தில் விரட்ட முடியாது என்ற அவர்களுடைய வாதம் வேதியியல்படி சரியானது. சிறு பீப்பாயில் அதிக காலம் விட்டால் மரத்துவர்ப்பு மேலோங்கி, மரத்தூளைக் கடித்ததுபோல் ஆகிவிடும். லிட்டர் கணக்கில் பார்த்தால் பீப்பாய்ச் செலவும் மிக அதிகம். ஆயினும் புதிய ஆலையின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். சிறு பீப்பாய் என்பது காலத்தைக் கடனாக வாங்குவது. வருமானம் வந்து பெரிய பீப்பாய்களை நிரப்பத் தொடங்கும்வரை அந்தக் கடன் இல்லாமல் எந்தச் சிறு விஸ்கி ஆலையும் உயிரோடிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வரி

மது வடிசாலையில் வரி என்பது வருமானத்தின் மேல் விழுவதற்கு முன்பே சரக்கின் மேல் விழுகிறது. அமெரிக்காவில் அளவுகோல், 50 விழுக்காட்டு ஆல்ககால் உள்ள ஒரு கேலன்; இதை அளவைக் கேலன் என்போம். அதன் மேல் 13.50 டாலர் நடுவண் கலால் வரி நீண்ட காலம் இருந்தது. 62.5 விழுக்காட்டில் நிரப்பிய 53 கேலன் பீப்பாய் ஒன்றுக்கு இது ஏறக்குறைய 894 டாலர். நல்லவேளையாக, வடித்த அன்றே இதைக் கட்ட வேண்டியதில்லை. பிணைக்குட்பட்ட கிடங்கை, அதாவது வரி கட்டாத சரக்கை வைத்திருக்கும் கிடங்கை விட்டு விற்பனைக்காகச் சரக்கு வெளியேறும்போதுதான் வரி எழுகிறது. ஆகவே பீப்பாயிலிருந்து காற்றில் கரைந்துபோன பங்குக்கு வரி இல்லை. ஆனால் வடித்தது எவ்வளவு, கிடங்கில் இருப்பது எவ்வளவு, புட்டியில் அடைத்தது எவ்வளவு என்று மூன்று கணக்குகளையும் தனித்தனியே எழுதி அறிக்கை தர வேண்டும். இரண்டு பேர் நடத்தும் ஆலையில் ஒருவருடைய நாள்களில் பெரும்பங்கு இதற்கே போய்விடும்.

இதே காலத்தில் சிறு பீர் ஆலைகளும் சிறு திராட்சை மது ஆலைகளும் குறைந்த வரியே கட்டின. வடிசாலைகளுக்கு அந்த நியாயம் 2018 தொடக்கத்தில்தான் கிடைத்தது. முதல் 1,00,000 அளவைக் கேலன்களுக்கு வரி 2.70 டாலராகக் குறைந்தது. தற்காலிகமாக இருந்த அந்தச் சலுகையை 2020 டிசம்பரில் நிலையானதாக்கினார்கள். மேலே சொன்ன பீப்பாயின் வரி 179 டாலருக்கு இறங்கியது. தொடக்கத்தின் கடினமான ஆண்டுகள் முழுவதையும் டட்ஹில்டவுன் பழைய வரிவிகிதத்தில்தான் கடந்தது.

வாசலில் விற்கும் உரிமை

வடிக்க அனுமதி கிடைத்தது, சரக்கும் கிடைத்தது. கார்டினருக்கு வந்த பயணி ஒருவர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு புட்டி கேட்டால், எரென்சோ அதை விற்க முடியாது. ஒரு மடக்கு சுவைக்கத் தரவும் முடியாது. மொத்த விற்பனையாளரிடம் அனுப்பி, அவர் கடைக்கு அனுப்பி, கடையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு வடித்தவருக்கு மிஞ்சுவது கடை விலையில் பாதியைக்கூட எட்டுவது கடினம். பேராலைகள் அளவைக் கூட்டி இதைத் தாங்குகின்றன. ஆயிரக்கணக்கில் மட்டும் விற்பவருக்கு அந்த வித்தியாசம்தான் சம்பளம், அதுதான் வட்டி.

அதே மாநிலத்தில் பண்ணைத் திராட்சை மது ஆலைகளுக்கு 1976 முதலே வாசல் விற்பனை உரிமை இருந்தது. இந்த முன்மாதிரியைக் காட்டி எரென்சோ மாநிலத் தலைநகரான ஆல்பனியில் தொடர்ந்து வாதாடினார். மது விற்பனையைத் தளர்த்துங்கள் என்று கேட்பதைவிட, உள்ளூர் விவசாயியின் தானியத்துக்கும் பழத்துக்கும் சந்தை திறந்துவிடுங்கள் என்று கேட்பது சட்டமன்ற உறுப்பினர்களின் காதில் வேறுவிதமாக விழும். இது வெறும் சாமர்த்தியமும் இல்லை. ஆப்பிள் மிச்சமும் சுற்றுவட்டார மக்காச்சோளமும் அந்த ஆலையில்தான் விலைபோயின. 2007-இல் பண்ணை வடிசாலைச் சட்டம் நிறைவேறியது. மூலப்பொருளில் பெரும்பகுதி மாநிலத்துக்குள் விளைந்ததாக இருந்தால், அந்த ஆலை தன் வளாகத்தில் சுவைக்கத் தரலாம், புட்டியாக விற்கலாம் என்று அது அனுமதித்தது. 2014-இல் வந்த மற்றொரு சட்டம் கோப்பையாக ஊற்றி விற்பது உள்ளிட்ட உரிமைகளை மேலும் விரிவாக்கியது.

மலிவு உரிமம் 2000-ஐ ஒட்டியே வந்துவிட்டது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அதற்குப் பின் பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. வாசல் விற்பனை வந்த பிறகு அடுத்த பத்தாண்டுக்குள் நியூயார்க்கில் வடிசாலைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. என் முடிவுக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் இதே காலத்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே 1979-ஆம் ஆண்டின் மது வரிச்சட்டம், 1,800 லிட்டருக்குக் குறைந்த கொதிகலனுக்கு உரிமம் மறுக்க அதிகாரிகளுக்கு இடமளித்தது. லண்டனில் 300 லிட்டர் செம்புக் கொதிகலனோடு விண்ணப்பித்த சிப்ஸ்மித் என்ற ஜின் ஆலை, நீண்ட வாதத்துக்குப் பிறகு 2009-இல்தான் உரிமம் பெற்றது. நியூயார்க்கில் கட்டணம் மதிலாக நின்றது. லண்டனில் கொள்ளளவு நின்றது. இரண்டு நாட்டுச் சட்டங்களும் சிறியவரைத் திட்டமிட்டு ஒழிக்க எழுதப்பட்டவை என்று நான் கருதவில்லை. சிறு கொதிகலன் என்றால் கள்ளத்தனம் என்று வரி அதிகாரி நினைத்த காலத்தில் எழுதப்பட்டு, காலம் மாறிய பின்னும் யாரும் திருத்தாமல் விட்டவை.

தீயும் கைமாற்றமும்

அடர்ந்த ஆல்ககால் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. 2012 செப்டம்பரில் டட்ஹில்டவுனிலும் தீ விபத்து நேர்ந்தது. ஆலை மீண்டெழுந்து தொழிலைத் தொடர்ந்தது. கட்டட அனுமதி தரும் உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரிகள், கிடங்கில் எத்தனை லிட்டர் வைக்கலாம், மின்பொறி எழாத விளக்குகள் உண்டா, காற்றோட்டம் போதுமா என்று துருவித் துருவிக் கேட்பதைத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உரிமம் பெறும் பாதையில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் தயக்கமின்றி நியாயமானவை இவைதான்.

2010-இல் ஸ்காட்லாந்தின் குடும்ப நிறுவனமான வில்லியம் கிராண்ட் அண்ட் சன்ஸ், ஹட்சன் என்ற விஸ்கிப் பெயரை வாங்கியது. ஆலை எரென்சோ, லீ கையிலேயே இருந்தது, வடிப்பதும் அவர்களே. உலகம் முழுவதும் கொண்டுசேர்க்கும் வலையமைப்பு கிராண்ட் நிறுவனத்திடம் இருந்தது. வாசலில் விற்று வேரூன்றிய சரக்கு, வாசலுக்கு வெளியே பரவுவதற்கு அதே மொத்த விற்பனைச் சங்கிலியின் பெருங்கையைத்தான் நாட வேண்டியிருந்தது. 2017-இல் ஆலையும் அந்த நிறுவனத்தின் உடைமையாயிற்று. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பணம் தீர்ந்து, வழக்கில் சிக்கி, நிலத்தின் ஒரு பகுதியை விற்றுக்கொண்டிருந்த மனிதர், விற்பதற்கு மதிப்புள்ள ஒன்றைப் பத்தே ஆண்டுகளில் அதே நிலத்தில் உருவாக்கினார். வாங்கியவர்களுக்குப் பெயரும் ஆலையும் போயின. வாசலில் விற்கும் உரிமையோ மாநிலத்தில் உள்ள பண்ணை வடிசாலைகள் அனைத்துக்கும் பொதுவாக, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.